அத்தான் வெளியே இருக்கிறார்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வலது முழங்கை கெட்டுப்போனது ஷட்டில் ஆடியதால் அல்ல. ராஜபாளையத்தில் எங்கள் தெருவிலும், நான் டெஸ்பாட்ச் பார்க்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனியிலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு ஊசி போட்ட டாக்டரிடமும் மூன்று வருடமாக அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் நான் ஷட்டில் மட்டையைக் கையால் தொட்டதே இல்லை. என் முழங்கையைக் கெடுத்தது ஒரு பெட்ஷீட்.

ஈரமான பெட்ஷீட்டைப் பிழிவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்ப் பக்கமாக முறுக்கினால் தண்ணீர் கொட்டும். அம்மா இருந்தவரை மறுமுனை அவளிடம் இருந்தது. அவள் போன பிறகு அந்தப் பொறுப்பைக் கொல்லைப்புறத்து மோட்டார் குழாயிடம் ஒப்படைத்தேன். குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குவேன். அம்மாவாக இருந்தால் "மெதுவாடா, கிழிஞ்சிறப் போவுது" என்பாள். குழாய் ஒன்றும் சொல்லாது. அதனால் நானும் மெதுவாகப் பிழியவில்லை. வாரம் ஒரு பெட்ஷீட், ஒரு போர்வை என்று இரண்டு வருடம்.

எனக்கு அப்போது வயது நாற்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. (பார்த்த பெண்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. பிடித்த ஒருத்தியின் வீட்டுக்கு என் ஜாதகத்தைப் பிடிக்கவில்லை. அதோடு விட்டுவிடலாம்.) கூடப் பிறந்தவர்களும் கிடையாது. ஒற்றை ஆளுக்கு வாஷிங் மெஷின் எதற்கு என்று ஒரு வறட்டு கௌரவம் வேறு.

முதலில் டீ டம்ளரைத் தூக்கும்போது சுருக்கென்றது. பிறகு சாவியைத் திருப்பும்போது. அப்புறம் கதவைத் தள்ளினால், பல் தேய்த்தால், பார்சலில் டேப்பை இழுத்து ஒட்டினால், எதைச் செய்தாலும் முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் யாரோ ஆணி வைத்து அடிப்பதுபோல் இருந்தது. நாடு முழுக்கப் பேண்டேஜ் அனுப்புகிற கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, என் கையில் ஒரு பேண்டேஜைச் சுற்றிக்கொள்ள இடது கையும் வாயும் போதாமல் தவித்தேன். பெல்ட் போட்டுப் பார்த்தேன். பிசியோதெரபி போனேன். மாதங்கள்தான் போயின.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். ராஜபாளையத்தில் டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். "என்ன, தனியாவா வந்தீரு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து பஸ் ஏறினேன் என்பதுதான் நிஜம்.

டாக்டர் முழங்கையைப் பிடித்துச் சரியாக அந்த ஆணி இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நான் கத்திய கத்தலில் வெளியே டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"டென்னிஸ் எல்போ" என்றார் டாக்டர். "டென்னிஸ் ஆடுனாத்தான் வரும்னு இல்ல. திரும்பத் திரும்ப முறுக்குற வேலை எது செஞ்சாலும் வரும். நீங்க என்ன பண்ணுவீங்க?"

பெட்ஷீட் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த கேள்வி "வீட்ல யாரும் இல்லையா?" என்றுதான் வரும். டாக்டரின் மேஜைமேல் ஒரு வெற்றிக்கோப்பை இருந்தது. அதன் உச்சியில் பித்தளையில் ஒரு ஆள் மட்டையை ஓங்கிக்கொண்டு நின்றான்.

"ஷட்டில் ஆடுவேன் டாக்டர்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் முழங்கைமீது அவருக்குத் தனிப் பிரியமே வந்துவிட்டது. மணிக்கட்டைத் தூக்குகிற தசைநார், முழங்கை எலும்பில் ஒட்டுகிற இடத்தில் நைந்துபோயிருக்கிறது என்று படம் வரைந்து காட்டினார். (நைந்த துணியைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்?) ஆபரேஷன் வேண்டாம் என்றார். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சீக்கிரம் வலி குறையும், ஆனால் திரும்ப வந்துவிடலாம். இன்னொன்று, பி.ஆர்.பி. ஊசி.

"உங்க ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மெஷின்ல வச்சுச் சுத்துவோம். பிளேட்லெட் எல்லாம் தனியாப் பிரிஞ்சு வரும். கிழிஞ்ச இடத்த ஆத்துற சரக்கு அதுலதான் இருக்கு. அதை அந்த இடத்துலயே ஊசியாப் போட்டுருவோம். உடனே கேட்காது. மொதல்ல வலி கூடத்தான் செய்யும். ரெண்டு மூணு மாசம் பொறுமையா இருக்கணும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்கும்னும் நான் சொல்ல மாட்டேன்."

எனக்கு அந்த வைத்தியம் பிடித்துவிட்டது. என் ரத்தம், என் முழங்கை, நடுவில் வேறு யாரும் கிடையாது. தனியாளுக்கென்றே கண்டுபிடித்ததுபோல் இருந்தது. சரி என்றேன்.

"ஒரு வாரத்துக்கு முன்னாடியே வலி மாத்திரையை நிப்பாட்டிருங்க. வரும்போது கூட ஒருத்தரக் கூட்டிட்டு வந்துருங்க" என்றார் டாக்டர்.

அந்த ஒரு வாரமும் வலி மாத்திரை இல்லாமல் இருந்ததைவிட, அந்த "ஒருத்தரை"த் தேடியதுதான் பெரும்பாடு. கம்பெனியில் என்னோடு டெஸ்பாட்ச் பார்ப்பவரைக் கூப்பிடலாம் என்றால், நான் லீவு போட்டால் அவர்தான் என் வேலையையும் பார்க்க வேண்டும். அடுத்த வீட்டு ராஜு நல்ல மனிதர், கேட்டால் வருவார். ஆனால் அவர் மனைவியும் வருவார். பிறகு தெரு முழுக்கத் தெலுங்கிலும் தமிழிலும் என் முழங்கையைப் பற்றிப் பேசும். மிச்சம் இருந்தது ஆலங்குளத்தில் இருக்கும் பெரியப்பா மகன். போன் போட்டேன்.

"என்னடே, அதிசயமா இருக்கு. என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மாதான்."

"நீ சும்மா போன் போடுத ஆளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் கடைவாய்ப் பல்லைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பிறகு கொழுந்தியா வீட்டுப் பால்காய்ச்சு. பிறகு மறுபடியும் பல். கால் மணி நேரம் போனது. நடுவில் இரண்டு முறை "அண்ணே, வியாழக்கிழமை..." என்று ஆரம்பித்தேன். அவர் காதில் விழவில்லை. மூன்றாவது முறை நான் ஆரம்பிக்கவில்லை. "சரிண்ணே, பல்லப் பாத்துக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு மனிதனுக்கு நாற்பத்தேழு வயதில், ஒரு காலைப்பொழுது கூட வந்து உட்கார ஓர் ஆள் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதுவரை அதை நான் சுதந்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை தனியாகப் போனேன். போகிற இடத்தில் அநாதையாகத் தெரியக் கூடாது என்று இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டிருந்தேன். முழுக்கை, மணிக்கட்டில் இரண்டு பட்டன், கல்யாணத்துக்குப் போடுகிற சட்டை. முழங்கையில் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவன் போட வேண்டிய சட்டையா அது? எவ்வளவு சுருட்டினாலும் முழங்கைக்கு மேலே ஏறவில்லை. நர்ஸ் அதைக் கழற்றச் சொல்லிவிட்டு ஒரு பச்சை அங்கியைக் கொடுத்தாள். முதுகுப் பக்கம் நாடா வைத்துக் கட்டுகிற அங்கி. அதையும் தனியாளால் கட்டிக்கொள்ள முடியாது.

"கூட யாரு சார் வந்திருக்கா? கட்டிவிடச் சொல்லுங்க."

"வந்திருக்காங்க."

"யாரு?"

"அத்தான்" என்றேன்.

ஏன் அத்தான்? யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. ஆனால் இப்போது நினைத்தால் என் மூளையை மெச்சத் தோன்றுகிறது. அண்ணன் தம்பி என்றால் முகச்சாடை பார்ப்பார்கள். நண்பர் என்றால் "சொந்தக்காரங்க யாரும் வரலையா?" என்பார்கள். அத்தானுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அத்தான் எந்த நிறத்திலும், எந்த உயரத்திலும், எந்த மீசையோடும் இருக்கலாம்.

"எங்க இருக்காரு?"

அங்கேதான் வினை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வரவேற்பு ஹாலில், விறைப்பாக முதுகை நிமிர்த்தி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். பெரிய மீசை. சுவரில் ஒட்டியிருந்த 'அமைதி காக்கவும்' என்ற அறிவிப்பை மிகுந்த கவனத்தோடு வாசித்துக்கொண்டிருந்தார். நான் இடது கையை நீட்டினேன்.

"அந்தா, வெளியே இருக்கார்."

நர்ஸுக்குத் திருப்தி. படிவத்தில் 'உடன் வந்தவர்: அத்தான்' என்று எழுதிக்கொண்டாள். நாடாவை அவளே கட்டிவிட்டாள். என் திட்டம் எளிமையானது. ஊசி முடிந்ததும் என் பையை எடுத்துக்கொண்டு நைசாக நழுவி, பஸ் ஏறிவிட வேண்டியது. அத்தானுக்குத் தான் அத்தானாக இருந்த விஷயமே தெரியப்போவதில்லை.

ரத்தம் எடுத்தார்கள். ஒரு சின்ன மெஷினில் வைத்துச் சுற்றினார்கள். சட்னி அரைக்கிற சத்தம்தான். குழாயை வெளியே எடுத்தபோது கீழே சிவப்பும் மேலே வெளுத்த மஞ்சளுமாகப் பிரிந்திருந்தது. அந்த மஞ்சளிலிருந்து எடுத்துத்தான் ஊசி. டாக்டர் முழங்கையில் ஜில்லென்று எதையோ தடவி, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே ஊசியை இறக்கினார். மரத்துப்போக முதலிலேயே ஒரு ஊசி போட்டிருந்தார். அதையும் மீறி, உள்ளே மருந்து போகும்போது வலி மணிக்கட்டு வரை இறங்கி, அங்கே ஒரு நிமிடம் நின்று, மறுபடி மேலே வந்தது.

"ஸ்மாஷ் நெறைய அடிப்பீங்களோ?" என்று பேச்சுக் கொடுத்தார் டாக்டர்.

"ஆமா டாக்டர். பல்லக் கடிச்சுக்கிட்டு முறுக்குவேன்."

"ஷட்டில்ல என்ன சார் முறுக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் நர்ஸ் என் மஞ்சள் பையைத் தூக்கினாள். சட்டை, போன், பர்ஸ், வீட்டுச் சாவி, ரிப்போர்ட் எல்லாம் அதில்தான் இருந்தன.

"சார், இத உங்க அத்தான்கிட்ட குடுத்துர்றேன்."

"வேண்டாம்மா, இங்கயே இருக்கட்டும்."

"இங்க வைக்கக் கூடாது சார்."

"இல்லம்மா, அந்த அத்தான்..." என்று எழப் பார்த்தேன். "ஆடாதீங்க!" என்று டாக்டர் அதட்டினார். முழங்கைக்குள் ஊசி இருக்கிறது. இந்த நேரத்தில் உறவுமுறையைத் திருத்த முடியுமா? கதவு மூடிக்கொண்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. (கை எப்படியும் ஓடாது, அதை விடுங்கள்.)

வெளியே நடந்ததைப் பின்னால் அவர் வாயாலேயே கேட்டேன். அவர் பெயர் குருசாமி, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி முத்துலட்சுமி ஒரு கடைக்குப் பால்கோவா கிண்டுகிறவர். கிண்டிக் கிண்டி அவருக்கும் என்னைப் போலவே வலது முழங்கை. அதே நாள், அதே ஊசி, பெண்கள் பக்கத்து அறையில். அங்கே வேறொரு நர்ஸ். ஆகவே என் நர்ஸ் கதவைத் திறந்து, "இந்தாங்க பை. ஒரு வாரத்துக்கு வெயிட்டு தூக்க விடாதீங்க, வலி மாத்திரை குடுக்காதீங்க" என்று சொன்னதும், மனைவியைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்து, எஸ் மேடம் என்று பையை வாங்கிக்கொண்டார். நம் ஆஸ்பத்திரிகளில் நோயாளியிடம் யார் எதைச் சொல்கிறார்கள்? எல்லாம் கூட வந்தவரிடம்தான். ஐந்து நிமிடத்தில் மனைவி, கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் கையைத் தொங்கவிட்டபடி வந்தார். இருவரும் பைக்கில் ஏறி மடவார் வளாகம் பக்கம் இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நான் ஹாலுக்கு வந்தபோது, 'அமைதி காக்கவும்' மட்டும் இருந்தது.

சட்டை இல்லை. போன் இல்லை. சாவி இல்லை. வலது கை மரத்துக் கழுத்தில் தொங்குகிறது. அங்கியின் நாடா ஒன்று அவிழ்ந்துவிட்டது, கட்ட ஆளில்லை. முதுகைச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். தொட்டில் கட்டியிருந்த துணியைப் பார்த்தேன். எங்கள் கம்பெனி நெசவுதான். அந்த ஹாலில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அந்தத் துணி.

"என்ன சார், அத்தான் எங்க?" என்றாள் நர்ஸ்.

"டீ குடிக்கப் போயிருப்பார்."

அரை மணி நேரம் ஆயிற்று. எதிரே சுண்டுவிரல் பிசகிய ஒரு கல்லூரி மாணவன். அவனோடு ஏழு பேர் வந்திருந்தார்கள், எண்ணினேன். ஒருவர் விசிற, ஒருவர் இளநீர் பிடிக்க, ஒரு அம்மாள் அந்தச் சுண்டுவிரலைப் பார்த்துக் கண்ணீரே விட்டார். எனக்கு அவன்மேல் வந்த பொறாமையை எழுத வெட்கமாக இருக்கிறது. விரல் சரியாகிவிடும் பையா, நீ கொடுத்து வைத்தவன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "கூட யாரும் வரலையாப்பா?"

"அத்தான் டீ குடிக்கப் போயிருக்காவ."

இன்னும் அரை மணி கழித்து மறுபடி கேட்டார். "டீக்கடை எங்கப்பா, ஆண்டிபட்டியிலயா?"

ஏழு பேரும் சிரித்தார்கள். சுண்டுவிரலும் சிரித்தது. நர்ஸ் வந்துவிட்டாள். "சார், வீட்ல வேற யாராவது இருக்காங்களா? நம்பர் சொல்லுங்க, நான் பேசுறேன்."

நம்பர். நான் யோசித்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர்கள் இரண்டுதான். ஒன்று, அம்மா இருந்தபோது வீட்டில் இருந்த லேண்ட்லைன். அது துண்டித்து எவ்வளவோ நாளாயிற்று. இன்னொன்று, என் நம்பர். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆளாக என்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை. வேறு வழியில்லாமல் என் நம்பரையே சொன்னேன். எப்படியும் போன் அந்தப் பையில்தானே இருக்கிறது?

நர்ஸ் அடித்தாள். நான் கேட்க வேண்டும் என்கிற நல்லெண்ணத்தில் ஸ்பீக்கரையும் போட்டாள். நாலைந்து முறை மணி அடித்த பிறகு ஒரு கனத்த குரல் வந்தது.

"ஹலோ, யாரு பேசுதது? இது யாரு போனுன்னே தெரியல. எங்க பையில கெடந்து அடிக்கி."

"ஆஸ்பத்திரியில இருந்து பேசுறோம் சார். என்ன சார் நீங்க, உங்க மச்சினரை இப்படி விட்டுட்டுப் போயிட்டீங்க? ஒரு மணி நேரமா உக்காந்திருக்கார்!"

"மச்சினனா?"

"ஆமா சார். உங்க வீட்டம்மாவோட தம்பி."

அந்தப் பக்கம் போனை மூடாமலே திரும்பிச் சொல்வது கேட்டது. "ஏட்டி, ஒந்தம்பி ஆஸ்பத்திரியில இருக்கானாம்."

தூரத்தில் ஒரு பெண் குரல். "எனக்கு ஏதுங்க தம்பி?"

'அமைதி காக்கவும்' அறிவிப்புக்கு அன்றைக்குத்தான் முழு மரியாதை கிடைத்திருக்கும். நர்ஸ் என்னைப் பார்த்தாள். ஏழு பேரும் பார்த்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்ததால் இன்னும் பின்னால் போக முடியவில்லை.

"சார்," என்றாள் நர்ஸ் மெல்ல, "நீங்க தனியாவா வந்தீங்க?"

எந்தக் கேள்விக்குப் பயந்து ஊர் விட்டு ஊர் வந்தேனோ, அதே கேள்வி. இந்த முறை பொய் எதுவும் வாயில் வரவில்லை.

"ஆமாம்மா."

அழுகை வந்துவிட்டது. ஊசி வலி என்று நினைத்திருப்பார்கள். நினைத்தால் நல்லதுதான் என்று இருந்துவிட்டேன்.

போன் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தது. பை திறக்கும் சத்தம். "ஏங்க, இதுல ஒரு சட்டை இருக்கு. நல்ல சட்டையால்லா இருக்கு. அப்ப அந்தப் பிள்ள சட்டை இல்லாமலா உக்காந்திருக்கு? ஐயோ, போனக் குடுங்க." பிறகு அந்தக் குரல் கிட்டத்தில் வந்தது. "ஏம்மா, அந்தத் தம்பிய அங்கனயே இருக்கச் சொல்லு. அவிய அத்தான் வாராவ."

பத்து நிமிடத்தில் பைக் சத்தம் கேட்டது. ஹவில்தார் நேராக என் முன்னால் வந்து நின்றார். மேலிருந்து கீழே பார்த்தார்.

"நீதானா அது?"

"ஆமா சார்."

"சாரா? காலையில அத்தான்னு சொன்னியாம்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏலே, சொன்னதுதான் சொன்ன, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்கு ஒன்ன விட்டுட்டுப் போய்ட்டேன். ஊரு என்னயில்லா தப்பாச் சொல்லும்?" என்று சத்தம் போட்டபடியே என்னைத் திருப்பி நிறுத்தி, அவிழ்ந்திருந்த நாடாவைக் கட்டினார். பிறகு சட்டை போடத்தானே போகிறோம் என்று ஞாபகம் வந்து மறுபடி அவிழ்த்தார். தொட்டிலிலிருந்து கையை எடுத்து, ராணுவப் பெட்டியில் கண்ணாடி சாமான் வைக்கிற பக்குவத்தில் சட்டைக்குள் நுழைத்துவிட்டார். சுண்டுவிரல் கோஷ்டி முழுக்க எழுந்து நின்று பார்த்தது.

பஸ் ஏற்றிவிடுங்கள் போதும் என்றேன். "சாப்புட்டியா?" என்று கேட்டார். இல்லை. "வீட்டத் தொறந்து, சோறு பொங்கி, இந்தக் கையோட நீ என்னைக்கித் திங்கதுக்கு? ஏறு" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டார்.

வீட்டில் அக்கா (அப்போதே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன், பொய்யை நடுவில் நிறுத்துவானேன்?) வலது கையைத் தொட்டிலில் போட்டபடி வாசலில் நின்றார். நானும் வலது கையைத் தொட்டிலில் போட்டபடி இறங்கினேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கும்பிட இருவராலும் முடியவில்லை.

சமையல் அத்தான். உப்புமா என்று சொல்லி ஒன்றைக் கிண்டினார். எங்கள் இருவர் முன்னாலும் தட்டை வைத்து ஆளுக்கொரு ஸ்பூனைக் கொடுத்தார். இடது கையில் ஸ்பூன் பிடித்து, பாதி வாயிலும் பாதி மடியிலுமாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். வீட்டில் ஒருவர் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த உப்புமாவில் உப்பு கிடையாது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

"எனக்குப் பால்கோவா. ஒனக்கு எப்பிடிப்பா கை போச்சு?" என்று அக்கா கேட்டார்.

ஷட்டில் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மா, குழாய், பெட்ஷீட் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த உலகத்தில் அதை நான் சொன்ன முதல் ஆள் அவர்தான். அக்கா ஸ்பூனைக் கீழே வைத்தார். இரக்கப்பட்டு ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"கூறுகெட்டவனே, அத எதுக்குப் பிழியுத? சொட்டச் சொட்டக் கொடியில போட்டா வெயிலுல காய்ஞ்சிட்டுப் போவுது. ராஜபாளையத்துல வெயிலுக்கா பஞ்சம்?"

நாற்பத்தேழு வயது வரை எனக்கு இந்த யோசனை வரவில்லை. சொல்ல ஆளிருந்தால் இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லியிருப்பார்கள். நான் முழங்கையோடு தப்பித்திருப்பேன்.

இரண்டு பேர் முழங்கையும் மூன்று மாதத்தில் நேரானது. எனக்குக் கொஞ்சம் முந்தி, அக்காவுக்குக் கொஞ்சம் பிந்தி. அவர் இப்போது பால்கோவா கிண்டும்போது நடுநடுவே கை மாற்றிக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன். மற்ற ஆறு நாளும் வீடு பழைய வீடுதான். சாவியைத் திருப்பினால் வலிப்பதில்லை, உள்ளே யாரும் இருப்பதுமில்லை. எங்கே கிளம்பினாலும் அத்தான் பைக்கைக் கிளப்பும் முன்பு ராணுவக் குரலில் கணக்கெடுப்பார்: "பை இருக்கு. கொடை இருக்கு. மச்சினன் இருக்கானா?" அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகள்வரை அதைச் சொல்லுகிறார்கள்.

போன வருடம், வெளியூரில் வேலை பார்த்துவந்த அவர்கள் மகள் செல்விக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுத்தார்கள், போனேன். அதே முழுக்கைச் சட்டை. பழக்கதோஷத்தில் மண்டபத்தின் கடைசியில், முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றேன். மேடையில் ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்தார்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் மாலை போடணும். தாய்மாமன் யாரு? எங்க இருக்காரு?"

"எனக்கு ஏதுங்க தம்பி?" என்று அக்கா சொன்னதை ஒரு ஹாலே கேட்டிருக்கிறது. இப்போது இத்தனை பேர் முன்னால் என்ன சொல்வார், பாவம் என்று நினைத்தேன்.

அக்கா மேடையில் நின்றபடி வலது கையைத் தூக்கினார். முழங்கை மடங்காமல், முழுசாக நீட்டினார்.

"அந்தா நிக்கான்."

நான் திரும்பி, எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

"ஏலே, செவரப் பாத்தது போதும். ஒன்னத்தாம்லே!" என்று அத்தானின் குரல் மைக்கே இல்லாமல் மண்டபம் முழுக்கக் கேட்டது. பெரியவர் விடவில்லை. "இவரு எந்த வகையிலம்மா ஒனக்குத் தம்பி?" என்றார்.

"ஆஸ்பத்திரி வகையில" என்றார் அக்கா.

மண்டபம் சிரித்து முடிக்கும்வரை மாலையை நான் வலது கையில் தூக்கிப் பிடித்திருந்தேன். வலிக்கவில்லை.

இப்போதும் செல்வி பிறந்தகத்துக்கு வந்தால், மாப்பிள்ளைக்கு மாமா சுவரைப் பார்த்த கதையை நடித்துக் காட்டுகிறார்கள். நான் திரும்பிப் பார்த்தது ஒரே ஒரு நொடிதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்கா ஒத்துக்கொள்வதில்லை. கூப்பிட்ட பொறவும் ரொம்ப நேரம் அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு நின்னான் என்கிறார். அக்கா சொல்வதுதான் உண்மை.